துண்டுக்குள் கொடுத்த ஓட்டு

என்னிடம் மட்டும் கேட்கவில்லை. மேக்கால வீதி, பள்ளத்து வீதி, காலனி, ரைஸ் மில் லைன் வீடு என்று இந்த வார்டில் கதவு இருக்கிற வீடு, சாக்குப் படுதா தொங்குகிற வீடு அத்தனைக்கும் போய் நின்று கும்பிட்டாள். நாய் குரைத்து விரட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் திரும்பவும் போய்க் கும்பிட்டாள். நாலு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் சின்னம்மா வீட்டுப் படியில்கூட ஏறினாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குண்டாவில் பொங்கின சோற்றைத் தின்கிற என்னைப் பார்த்து மட்டும், ஏனுங், உங்க ஓட்டை எனக்குப் போடுங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை. பாவாத்தாள், மூன்றாவது வார்டு மெம்பர் வேட்பாளர், சின்னம் சீப்பு. அந்தச் சீப்பிலும் ஒரு கேலி. வழுக்கைத் தலையன் பொண்டாட்டிக்குச் சீப்பைக் குடுத்திருக்குது பார்றா கவர்மெண்டு என்று டீக்கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சுடுகிறது என்று தெரிந்துவிடுமே. இதோ, கண்ணாடியைச் சன்னலில் சாய்த்து வைத்துச் சவரம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், தாடையில் கீறிவிட்டது. சோப்பு நுரையில் ரத்தம் ரோஸ் கலராக ஊறுகிறது. பஞ்சாயத்துத் தலைவருக்கான ஓட்டுச் சீட்டு இந்தக் கலர்தான் என்றார்கள். தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டு மெம்பருக்கு வெள்ளை. சட்டசபைத் தேர்தல் என்றால் தொல்லை இல்லை, மிஷினில் பட்டனை அமுக்கு, பீப் என்று கத்தும், வெளியே வா. எம்.எல்.ஏ. ஆனவன் நம் மூஞ்சியைப் பார்க்கப் போகிறானா, நாம்தான் அவன் மூஞ்சியைப் பார்க்கப் போகிறோமா? பஞ்சாயத்து அப்படியா? வெள்ளைச் சீட்டில் குத்துகிற குத்து ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசலில் போய் விழும். எண்ணிச் சொல்கிற அன்றைக்கு, சீப்புக்கு இன்னார் போடவில்லை என்பது ஊருக்கே கணக்காகத் தெரிந்துவிடும்.

சட்டையைத் துவைத்து மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். விடிவதற்குள் கிளம்பிவிட்டாள், மகளிர் குழுப் பெண்கள் வந்து வாசலில் நின்று, அக்கா அக்கா என்று கூப்பிட்டார்கள், அவளும் இந்தா வந்துட்டேன் கண்ணுகளா என்றாள். அந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை வருசமாக? என்னிடம் பேசுகிற குரல் வேறு. சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்திருக்கிறது. இது பொண்டாட்டி வைத்த சட்டையா, வேட்பாளர் வைத்த சட்டையா? வேட்பாளர் வைத்தது என்றால் இதுவே ஒரு கேட்பு. வாயால் கேட்காமல் சட்டையால் கேட்கிறாள். சே, அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, துணி காய்ந்திருக்கும், மடித்திருப்பாள். மாடு வாங்குகிறவன் முதலில் வாலைத் தொடுகிறானா கொம்பைத் தொடுகிறானா என்று பார்த்தே அவன் மனசைச் சொல்கிறவன் நான், தரகு சென்னியப்பன், மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொன்னால் கால்நடை டாக்டர் மறுபேச்சுப் பேச மாட்டார், இந்த ஒருத்தி மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு சட்டையை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறேன். பூத் சிலிப்பைக் காணோம். எங்கே போய்த் தொலைந்தது? அலமாரியில் இல்லை, காலண்டர் ஆணியில் இல்லை, கோபம் மண்டைக்கு ஏறுகிறது, பாவா என்று ஒரு சத்தம் போட்டேன், வெறும் வீட்டில் என் சத்தமே திரும்பி வந்து என்னை அறைந்தது. சட்டைப் பையிலேயே இருக்கிறது. மடித்து வைத்திருக்கிறாள். பையில் வைத்தவள் வாயைத் திறந்து, பையில இருக்குதுங் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டின நாளிலிருந்து இப்படித்தான். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வார்த்தை வைக்க மாட்டாள்.

தப்பு யார் மேல்? நீங்களே சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாக்கடைத் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. பால்வாடிக்குப் போகிற பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. இவள் பழைய மெம்பரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவன், உன்ற ஊட்டுக்காரரை வரச் சொல்லு ஆத்தா, ஆம்பளைங்க பேசிக்கறோம் என்றிருக்கிறான். இவள் வந்து என்னிடம் சொன்னாள், சொன்னாள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் சந்தைக்குக் கிளம்புகிற அவசரத்தில், சாக்கடைக்கெல்லாம் நான் வந்து நிக்கோணுமா, ஓரமாத் தாண்டிப் போகச் சொல்லு என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் சந்தையில் டீக்கடைக்காரன், வாங்க வேட்பாளர் புருசன், சக்கரை தூக்கலாப் போடட்டுங்களா என்கிறான். எனக்கு என்ன ஏது என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஊருக்குத் தெரிந்து, சந்தைக்குத் தெரிந்து, கடைசியில் எனக்குத் தெரிகிறது. மனுத் தாக்கல் செய்த பெண்பிள்ளை வீட்டில் வந்து எனக்குக் கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்திருக்கிறாள், அந்தக் கையில் கையெழுத்துப் போட்ட மை காய்ந்திருக்குமா காய்ந்திருக்காதா? டீயைக் கீழே கொட்டினேன். அப்போதுதான் கொளந்தவேலு வந்தான். அவனும் தரகுதான், என்னைவிட இளவட்டம், நான் பழக்கிவிட்ட தொழில், மாமா மாமா என்று மரியாதையாகத்தான் பேசுவான். அவன் பொண்டாட்டி துளசிமணியும் இதே வார்டுக்கு நிற்கிறாள், சின்னம் கட்டில். அந்தப் பெண்ணை இன்று வரைக்கும் ஒருத்தரும் தெருவில் பார்க்கவில்லை, போஸ்டரில் பார்த்ததோடு சரி. கும்பிடுகிறது, சிரிக்கிறது, வாக்குறுதி கொடுக்கிறது எல்லாம் இவன்தான்.

சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கையைச் சேர்த்து அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். வெளியே வாய், மழை வருமா, தீவனம் என்ன விலை என்று என்னத்தையோ பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பிடித்த விரலை அமுக்கினால் சரி. அமுக்கின பிறகு மாற்றக் கூடாது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, அமுக்கினால் அமுக்கினதுதான். நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே பஸ் போர்டைப் பார்த்துத்தான், என் கையெழுத்துக்கு எவனும் மதிப்புக் கொடுத்ததில்லை, என் விரலுக்குக் கொடுத்தான். மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற கூலிக்காரனை இந்த ஊரில் சென்னியப்பண்ணன் ஆக்கினது இந்த விரல்தான். கொளந்தவேலு அன்று ஒரு கறவை மாட்டுக்குத் துண்டைப் போட்டான், பேசினோம், முடிந்தது. கையை எடுக்கப் போனேன், விடவில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்தான். ஒன்று. என்னடா ஒன்று, மாடுதான் முடிந்துவிட்டதே என்று பார்த்தேன். மெதுவாக, இது மாட்டுக்கில்லீங் மாமா, ஊட்டுக்காரிக்கு, கட்டிலுக்கு ஓட்டு ஒன்னு என்றான். கண்ணில் ஒரு சிரிப்பு. அந்த நேரத்துக்கு என் மண்டைக்குள் பாவாத்தாள் கூழ் கரைத்த கைதான் இருந்தது. அமுக்கிவிட்டேன். விரலை ஒடிக்கிற மாதிரி அமுக்கினேன். ஊரில் நோம்பி சாட்டின நாள் அது, வீட்டுக்கு வந்து அந்தச் சூட்டோடே கத்தினேன், நீ நில்லு, நல்லா நில்லு, என்ற ஓட்டே உனக்குக் கிடையாது போ என்று. அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், ஊதி முடித்துவிட்டு, சரிங் என்றாள். மூன்று எழுத்து. அதோடு சரி.

நடக்கிறேன். பள்ளிக்கூடம் தெரிகிறது, பந்தல் தெரிகிறது, பூத் எல்லைக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு தெரிகிறது, அதற்கு முன்னால் அந்தச் சாக்கடைத் தண்ணீரும் தெரிகிறது. தேர்தலுக்கென்று நாலு கல்லைப் போட்டு வைத்திருக்கிறார்கள், கல்லுக்குக் கல் தாவ வேண்டியிருக்கிறது. ஓரமாத் தாண்டிப் போகச் சொல்லு என்றேனே, ஓரம் எங்கே இருக்கிறது? ஓரமும் தண்ணீர்தான். இரண்டாவது கல் ஆடியது, வலது கால் உள்ளே போய்விட்டது, கணுக்கால் வரைக்கும். நாற்றம். துவைத்த வேட்டி. பின்னால் வந்த ஒரு கிழவி, பாத்துப் போ சாமி, என்று என் முழங்கையைப் பிடித்தாள். விடுங்க என்று சீறிவிட்டேன், பாவம். கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டு மேசை. ஒரு பக்கம் கொளந்தவேலு, கூட நாலு பேர், பிளாஸ்டிக் நாற்காலி, வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், முடிந்த வியாபாரம். இன்னொரு பக்கம் அவள். நாற்காலி இல்லை, நிற்கிறாள். நீலச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. என் வேட்டியைப் பார்த்தாள், சேறு ஏறின இடத்தைப் பார்த்தாள். இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். ஒரு எட்டு மெதுவாகக்கூட வைத்தேன். பக்கத்தில் வந்த தையல்காரனைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் காற்று மாதிரிக் கடந்து உள்ளே போனேன்.

ஆம்பளை வரிசை நகரவில்லை. முன்னால் நிற்கிறவன் கழுத்தில் வியர்வை ஓடுகிறது, பவுடர் போட்டு வந்திருக்கிறான், கோடு கோடாக இருக்கிறது. எனக்கு எதற்குப் பயம்? பயம்தான். தோற்றுவிடுவாள் என்று பயமா? தோற்றால் கேலி பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளலாம். ஒரேயொரு ஓட்டு வாங்கித் தோற்றால்? அவள் ஓட்டு மட்டும் என்றால்? புருசனே போடலையாமே என்று பொம்பளைகள் குழாயடியில் சொல்லும்போது அவள் குடத்தைக் கீழே வைப்பாளா, தூக்கிக்கொண்டு நடப்பாளா? ஜெயித்துவிடுவாள் என்றும் பயம். மெம்பர் புருசன், மெம்பர் இருக்காங்களா, கொஞ்சம் கூப்பிடுங்க என்று என் வீட்டு வாசலில் என்னையே கேட்பார்கள். இது இரண்டும் இல்லை, அடியில் வேறொன்று கிடக்கிறது, கல்லுக்கு அடியில் தேள் மாதிரி. என் ஓட்டு இல்லாமலே ஜெயித்துவிடுவாளோ? முன்னே ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இப்படித்தான் இருந்தது எனக்கு. காளை ஒன்று தொடையில் உதைத்து எலும்பு விட்டுப்போய்க் கட்டுப் போட்டுக் கிடந்தேன், வீட்டில் பைசா இல்லை, தொழுவில் இரண்டு கிடேரி மாடுகள் நின்றன. இவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள். பொம்பளை கையோடு கை சேர்த்துத் துண்டைப் போட எவன் வருவான்? ஒருத்தனும் வரவில்லை. உச்சி வரைக்கும் நின்று பார்த்திருக்கிறாள். அப்புறம் திண்டு மேல் ஏறி நின்று, இந்த ரெண்டு உருப்படியும் இவ்வளவு, வேணுங்கறவங்க கட்டிட்டுப் போங்க என்று விலையைச் சத்தமாகக் கூவிவிட்டாளாம். சந்தையே சிரித்ததாம். எனக்கு மானம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவளைப் பேசாத பேச்சில்லை. ஆரஞ்சு உரித்துக் கையில் வைத்துவிட்டு, நல்ல விலைக்குத்தானுங் போச்சு என்றாள். போனதுதான். நான் விற்றிருந்தால் அந்த விலைக்கு விற்றிருக்க மாட்டேன். அதை இன்று வரைக்கும் அவளிடம் நான் சொன்னதில்லை.

‘பெரியவரே, சிலிப்பு’ என்று பூத்துக்குள் மேசையில் இருந்தவர் கையை நீட்டினார். கொடுத்தேன். பேரைப் படித்தான் ஒருத்தன், சென்னியப்பன், அப்பா பேர் மாரப்பன். ஏஜெண்டுகள் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள், கட்டில் ஏஜெண்டு சின்னதாகச் சிரித்தான், அவனுக்கும் தெரியும் போலிருக்கிறது. விரலில் மை வைத்தாள் ஒரு டீச்சரம்மா. நாலு சீட்டு, ஒரு ரப்பர் முத்திரை. ‘நீளவாக்குல மடிங்க, குறுக்கால மடிச்சா மை எதிர்ச் சின்னத்துல ஒட்டிக்கும், செல்லாத ஓட்டாயிரும்’ என்றாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனேன். கவர்மெண்டும் துண்டைப் போட்டுத்தான் வைத்திருக்கிறது. ரோஸ், பச்சை, மஞ்சள் மூன்றையும் டப் டப் டப் என்று குத்தினேன், யாருக்கென்று கேட்காதீர்கள். வெள்ளை. பேர் இல்லை, படம் மட்டும். கட்டில், சீப்பு, மூக்குக் கண்ணாடி. முத்திரையைத் தூக்கினேன். துண்டுக்குள்ளே எப்போதும் இன்னொரு கை இருக்கும். சூடாக இருக்கும், வியர்த்திருக்கும், ஏமாற்றுகிற கையா, ஏமாறுகிற கையா, அது எதை அமுக்குகிறதோ அதற்கேற்ற மாதிரி நான் அமுக்குவேன். வாழ்க்கை பூராவும் அப்படித்தான். இங்கே கையை விட்டால் ஒன்றுமே இல்லை. யாரும் பிடிக்கவில்லை. எனக்கு என்ன வேணும் என்று யாரும் இல்லாத இடத்தில் நின்று நான் யோசித்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விரல் கொடுத்திருக்கிறேன். கொடுத்தால் கொடுத்ததுதான். கட்டிலின் மேல் முத்திரையைக் கொண்டுபோனேன். மை தொடுவதற்கு ஒரு நெல் அளவு இருந்தது. ‘ஆச்சுங்களா பெரியவரே?’ என்றாள் டீச்சர். ஆகவில்லை. ஆகவே இல்லை. சேறு காய்ந்து கணுக்காலில் தோல் இழுக்கிறது. வீம்பு வேறு, விரல் வேறு, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அன்று அமுக்கினது, எது எவ்வளவு என்று இப்போது யார் பிரித்துச் சொல்வது? வேண்டாம். பிரிக்கவே வேண்டாம். சீப்பில் குத்தினேன். ஒரு பல்லும் பாக்கி இல்லாமல் மறைகிற மாதிரிக் குத்தினேன். நீளவாக்கில் மடித்தேன். பெட்டியின் வாய் சின்னது, இரண்டு தடவை தப்பி மூன்றாவது தடவை போயிற்று.

வெளியே வெயில். முடிந்தது, ஒருத்தருக்கும் தெரியாது. கொளந்தவேலு எழுந்து வந்தான், தோளில் துண்டு, ‘வாங் மாமா, ஆச்சுங்களா? ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்’ என்றான். தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டினால் சந்தையில் என் விரல் விரலாகவே இருந்திருக்கும், சீப்பில் என் குத்தும் குத்தாகவே இருந்திருக்கும், இரண்டும் எனக்கே லாபம். இப்படி ஒரு வியாபாரம் எனக்கு வாழ்நாளில் படிந்ததில்லை. வாய் திறந்துகொண்டது. என் வாய் எப்போதும் என்னைக் கேட்டுத் திறந்ததில்லை. ‘கொளந்தவேலு, நான் கட்டிலுக்குப் போடல.’ அவன் சிரித்தான், வேடிக்கை என்று நினைத்தான். ‘என்னங் மாமா?’ ‘சீப்புக்குப் போட்டேன். விரல் குடுத்தது நெசம். மாத்திப் போட்டதும் நெசம்.’ அவன் முகம் மெதுவாக மாறுவதைப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ‘போட்டீங்க, சரி. அதைச் சொல்லாமயாச்சும் இருந்திருக்கலாமில்லீங்? நாளைக்கு உங்க கைமேல எவன் மாமா துண்டு போடுவான்?’ ‘போட வேண்டாம்’ என்றேன். அவன் தோள் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தான், என் பக்கம் பார்க்கவில்லை. அடுத்த சந்தைக்கு இந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

எதிர்ப் பக்கத்திலிருந்து பாவாத்தாள் வந்தாள். வேகமாக வந்தாள், முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டே வந்தாள். ‘ஏனுங், உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா? உள்ள போட்டீங்கல்ல, வாயை மூடிட்டு வர வேண்டியதுதானே? யாருக்குத் தெரியப் போவுது? பொழப்பையே கெடுத்துட்டு நிக்கறீங்க!’ நோம்பி சாட்டினதற்கு அப்புறம் என்னிடம் பேசுகிற முதல் பேச்சு இது. எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. ‘நீ கேட்டயா? நாய்க்கெல்லாம் கும்பிடு போட்டயே, என்னை ஒரு வார்த்தை கேட்டயா?’ ‘கேட்டா?’ என்றாள். ‘கேட்டாக் குடுத்திருவீங்களாக்கும்? பேரம்ல பேசுவீங்க. அதைச் செய்யறயா, இதை விடறயான்னு. உங்ககிட்டப் பேரம் பேசி என்னைக்கு நான் ஜெயிச்சிருக்கறேன்? அதுதான் கேக்கல.’ சந்தையில் எத்தனை பேர் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் திருநீறு வியர்வையோடு இறங்கியிருந்தது. ‘வேட்டியெல்லாம் சேறு’ என்றாள், வேறு குரலில். அப்புறம் திரும்பித் தன் மேசைக்குப் போனாள்.

வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில், ஒரு கை தள்ளி, வெயிலில் நின்றேன். தள்ளிப் போங்க என்று சொல்லவில்லை. ரைஸ் மில் லைன் வீட்டுப் பொம்பளைகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள், கல்லுக்குக் கல் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாவிக்கொண்டு. பாவாத்தாள் பேசாமல் கும்பிட்டாள். எனக்குக் கும்பிட வராது, பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மாட்டுச் சந்தையில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன், ‘வாங்க சாமிகளா, பாத்து வாங்க! இங்க பாருங்க, இங்க நிக்கறா பாருங்க, பாவாத்தா!’ கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

‘யோவ் பெரியவரே, இன்னைக்கு இங்க ஓட்டுக் கேக்கக் கூடாது, தெரியாது?’

‘ஓட்டா? நான் எங்கய்யா ஓட்டுக் கேட்டேன்?’ என்றேன். ‘இவ என்ற பொண்டாட்டின்னு சொல்லிட்டிருக்கறேன்.’